செவ்வாய், வெள்ளி வயிற்றுவலி

பள்ளிக்கூடத்தின் சிக் ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, எடை பார்க்கும் மிஷின். படியின் சரிவுக்கு ஏற்றபடி கூரையும் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பிள்ளைகள் யாருக்கும் தலை இடிக்காது. சிஸ்டருக்கு மட்டும், வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும், வாரம் ஒரு தடவையாவது இடித்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டில் பதினாறு வருஷம் ஓடியாடிப் பார்த்தவர் அவர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் இந்த வேலைக்கு வந்தார். இங்கே அவரைத் தேடி வருவது பெரும்பாலும் வயிற்றுவலிதான். கணக்குப் பரீட்சை என்றால் ஐந்து வயிறு வலிக்கும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாளென்றால் ஏழு. வயிற்றை மெல்ல அழுத்தி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்துப் பத்து நிமிஷம் படுக்க வைப்பார். நடிக்கிறாய் என்று ஒரு பிள்ளையையும் அவர் சொன்னதில்லை. பயந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் தலைமையாசிரியை ஒரு புது ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் சிரிப்பையே மறந்துவிட்டார்கள், எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள் என்று அவருக்கு ஒரு கவலை. ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பீரியட் டான்ஸ் என்று அட்டவணை போட்டார். டான்ஸ் மாஸ்டர் வரப்போகிறார் என்று பிள்ளைகள் ஒரு வாரமாக ஆலாய்ப் பறந்தார்கள். வந்து இறங்கியவரோ தொப்பையும் வழுக்கையுமாக பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் பாட்டைப் போட்டுவிட்டு ஹாலில் பம்பரமாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றதும் அத்தனை வாயும் மூடிக்கொண்டது.

மாஸ்டர் தலைமையாசிரியையிடம் முதல் நாளே கறாராகப் பேசிவிட்டார். "மார்க் கிடையாது மேடம். ஆண்டு விழாவுல மேடை ஏத்தறதும் கிடையாது. யாரும் பாக்கலேன்னாதான் இதுங்க ஆடும்."

அது நல்லபடியாகவே நடந்தது. டான்ஸ் இருக்கிற நேரத்தில் அந்தந்த வகுப்பிலிருந்து சிக் ரூமுக்கு ஆளே வருவதில்லை. "மாஸ்டர், நீங்க என் பொழைப்புல மண்ணைப் போடறீங்க" என்று வராந்தாவில் பார்க்கும்போது சிஸ்டர் சொல்வார். "உங்க வெந்நீரைவிட என் பாட்டு தேவலை போல" என்பார் மாஸ்டர்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் இதற்கு நேர்மாறாக இருந்தாள். நான்காம் வகுப்புக்கு டான்ஸ் செவ்வாய், வெள்ளி, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. சரியாக அந்தச் செவ்வாய், வெள்ளியில்தான் அவளுக்கு வயிறு வலித்தது. கணக்குப் பரீட்சைக்கு அசைந்துகொடுக்காத வயிறு.

பதிவேட்டில் அவளுடைய பெயரை எழுதினால் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவு நீளம். கூப்பிடச் சுருக்கமாக ஒரு பெயர் இருந்தால் தேவலை என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் போன ஒரு பெண் இவளைப் பார்த்து, "ஏய் ஐஸு, மறுபடியும் படுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரெட்டைப் பின்னல் போட்ட, கணீரென்ற குரல்காரி. நல்ல செல்லப் பெயராக இருக்கிறதே என்று சிஸ்டரும் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஐஸு, இன்னைக்கு வலி எங்க? மேலயா, கீழயா?"

சிறுமி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சிஸ்டருக்கு விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாடி பார்க்க அவளுடைய கையைப் பிடித்தார். உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது. கையை விட்டதும் சிறுமி அதைப் பாவாடையில் அழுந்தத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி ரேகையோரமாக நீர் கசிந்தது. காய்ச்சல் இல்லை. நாடியும் ஒழுங்காகவே ஓடியது. அவள் கொண்டு வந்திருந்த வீட்டுப்பாட நோட்டைச் சிஸ்டர் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்ப்பாதி மழையில் நனைந்து காய்ந்ததுபோல் சுருங்கிக் கிடந்தது. நடுவே நாலாக மடித்த ஒரு கைக்குட்டை. எழுதும்போது கைக்கு அடியில் வைத்துக்கொள்வதற்கு.

சிஸ்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான் வேர்க்குமா?"

தலை ஆடியது.

"அதனாலதான் ஐஸா?"

சிறுமி கூரையைப் பார்த்தபடி, "ஜில்லுன்னு இருக்குமாம். தொட்டா உருகுமாம்" என்றாள்.

"அது தெரியாம நானும் கூப்பிட்டுட்டேன். மன்னிச்சுக்கோ. வீட்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"வாலு."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கா? ஆறு வாரமா பாக்கறேன். உனக்கு வால் இருக்கற அறிகுறியே தெரியலையே."

"வீட்ல இருக்கும்" என்றாள் அவள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. டான்ஸ் வகுப்பில் முதலில் எல்லாரும் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்ள வேண்டும். வட்டமாகவே சுற்றி ஆட வேண்டும். இவளுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் பாட்டு முடிந்ததும் "சீ" என்று கையை உதறுவார்கள். ரெட்டைப் பின்னல்காரி ஒருநாள் கையைத் தரையில் தேய்த்தாள். இப்போதெல்லாம் ஹாலுக்குள் நுழையும் முன்பே, இன்றைக்கு ஐஸுக்குப் பக்கத்தில் யார் என்று பிள்ளைகள் ஒற்றையா இரட்டையா போட்டுப் பார்க்கிறார்களாம்.

"ஆட்டம் பிடிக்காதா உனக்கு?"

"பிடிக்கும்" என்றாள் வாலு. "வீட்ல கதவைச் சாத்திட்டு ஆடுவேன். மாஸ்டர் சொல்லித் தந்தது எல்லாம் தெரியும். வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இங்க வருவேன்."

"அப்பா அம்மாகிட்ட சொன்னியா?"

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சொல்லக் கூடாது. அப்பாவுக்கும் இப்படித்தான் வேர்க்கும். பஸ் ஓட்டும்போது ஸ்டியரிங்ல துண்டு சுத்தி வெச்சிருப்பாரு. நான் சொன்னா, எல்லாம் என்னாலதான்னு நெனைச்சுக்குவாரு."

ஒன்பது வயதுப் பிள்ளை அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று இவ்வளவையும் வயிற்றுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறதே என்று நினைத்தபடி சிஸ்டர் அந்தக் கைக்குட்டையை மறுபடி மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்."

"சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

ஆனால் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மாஸ்டரை வராந்தாவில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதுதான் பெரிய விஷயம், மாஸ்டரிடம் சொன்னால் நல்லதுதானே நடக்கும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டார். மாஸ்டருக்கு முகம் வாடிப்போனது. "என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு, நான் கவனிக்கல பாருங்க" என்றார். "நீங்க கவலைப்படாதீங்க. அவ பேரே வராம நான் சரி பண்றேன்."

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு பை நிறைய முழ நீளத் துணிப் பட்டைகள் கொண்டுவந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை. வாலுவை வாசலிலேயே பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இனிமேல் யாரும் கை கோக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு நுனி பிடித்துக்கொண்டால் போதும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று அறிவித்தார். பாட்டு ஆரம்பித்தது. வட்டம் பாதி கூடச் சுற்றவில்லை. ரெட்டைப் பின்னல்காரியின் கணீர்க் குரல் கேட்டது. "மாஸ்டர், இது ஐஸுக்காகத்தானே?"

ஹால் முழுவதும் சிரித்தது. வாலு துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள், கடைசி மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

மாஸ்டர் இதைச் சொல்லி முடித்தபோது சிஸ்டர் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வாலு சிக் ரூமுக்கு வரவில்லை. ஹாலில் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நின்றாளாம். அடுத்த செவ்வாயும் வரவில்லை. இரண்டு கட்டிலும் காலியாக, விரிப்பு கசங்காமல் கிடந்தன.

மறுநாள் காலை, வீட்டில், சிஸ்டர் டீயை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆஸ்பத்திரில ஊசி போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?"

"போடப் போறேன்னு சொல்லுவேன்."

"சின்னப் பிள்ளையா இருந்தாலும்?"

"சின்னப் பிள்ளைக்குத்தாங்க முக்கியமா சொல்லணும்."

"ம்" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அன்று இடைவேளையில் சிஸ்டர் நான்காம் வகுப்பு வாசலுக்குப் போனார். வாலு தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுக் கோபமாவே இரு, பரவால்ல."

"நீங்க சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அப்புறம் போய்ச் சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான்னு நெனைச்சேன். ஆனா உன்னைக் கேக்காம செஞ்சேன். அது தப்பு."

பெரியவர்கள் தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்து ஒரு 'ஆனால்' போடுவார்கள் என்பது வாலுவுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தாள். சிஸ்டர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. முழங்கால் வலிக்க, குழாய் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

வாலு மெல்லத் திரும்பினாள். "இது ஒட்டுமா?"

"எது?"

"வேர்வை. நான் தொட்டா அவங்களுக்கும் வந்துருமாம். அவ சொல்றா."

"ஒட்டாது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வராது."

"நிஜமா?"

"பதினாறு வருஷம் ஆஸ்பத்திரில இருந்திருக்கேன். இதுல பொய் சொல்ல மாட்டேன்."

வாலு குழாயின் கைப்பிடியைத் திருகித் திருகி மூடினாள். "அதை கிளாஸ்ல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். உன் பேரைச் சொல்லாம சொல்லவா?"

"சொல்லாட்டியும் தெரியும்" என்றாள் வாலு. யோசித்தாள். "பேரோடயே சொல்லுங்க. ஆனா என்னை வெளிய அனுப்பக் கூடாது. என்ன சொல்றீங்கன்னு நான் கேக்கணும்."

"சரி. அப்ப அப்பாவுக்கு?"

"அவருக்கு நானே சொல்றேன்" என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. சிஸ்டரும் துருவவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாலு முதல் வரிசையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. ஆபரேஷன் வார்டில் கை நடுங்காத சிஸ்டருக்கு, இருபத்தெட்டு ஜோடிக் கண்ணைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாலுவின் பெயரை, அந்த நீளப் பெயரை, முழுதாகச் சொன்னார். இவள் கை அதிகமாக வேர்க்கும், சில பேருக்கு உடம்பு அப்படி, தொட்டால் ஒட்டாது, துடைத்தால் போய்விடும், இவ்வளவுதான் விஷயம் என்றார். பிள்ளைகள் நெளிந்தார்கள். பின்னால் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். பேச்சு எடுபடவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

அதனால் கேட்டார். "பயம் வந்தா உங்க உடம்புல என்ன ஆகும்? ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு ஆகுமில்ல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாலின் மூலையிலிருந்து மாஸ்டர் கை தூக்கினார்.

"எனக்கு ஏப்பம் வரும். மேடை ஏறப் போற நேரத்துல வரிசையா வரும். பாட்டுக்காரங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பாப்பாங்க."

ஹால் கொல்லென்று சிரித்தது. அதன்பிறகு மடை திறந்ததுபோல் ஆகிவிட்டது. ஒருவனுக்குக் காது சூடாகும். ஒருத்திக்கு விக்கல் எடுக்கும். கடைசி வரிசைப் பையன் எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். இப்பகூட வருது" என்றான். போய்விட்டு வா என்று மாஸ்டர் அனுப்பினார். சிரிப்பு அடங்கிக்கொண்டிருந்தபோது, ரெட்டைப் பின்னல்காரி, அவளுடைய வழக்கமான குரலில் கால்வாசிகூட இல்லாமல் சொன்னாள். "எனக்குத் தூக்கம் வராது. தினமும்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். இது தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய சமாசாரம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் பாட்டைப் போட்டார். வட்டம் கூடியது. துணிப் பட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. வாலுவின் ஒரு பக்கம் சிஸ்டர் போய் நின்றார், முழங்காலாவது ஒன்றாவது என்று. மறுபக்கம் காலியாக இருந்தது. ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் விக்கல்காரி வந்து நின்றாள். கையை நீட்டினாள், நீட்டிய வேகத்தில் பாதியில் நிறுத்தினாள். "வழுக்குமில்ல?" என்று கேட்டாள். கேலியாக இல்லை. நிஜமான சந்தேகம்.

வாலு தன் கையைப் பார்த்தாள். "உள்ளங்கையைப் பிடிச்சா வழுக்கும். இங்க பிடி" என்று தன் மணிக்கட்டைக் காட்டினாள். "நானும் உன்னோடதை அதே மாதிரி பிடிச்சுக்குவேன். ரோடு தாண்டும்போது எங்கப்பா என்னை இப்படித்தான் பிடிப்பாரு."

இரண்டு கைகளும் ஒன்றின் மணிக்கட்டை ஒன்று பற்றிக்கொண்டன. மாஸ்டர் கிட்டே வந்து அதை இழுத்துப் பார்த்தார். இன்னும் பலமாக இழுத்தார். பிடி அசையவில்லை.

"அட" என்றார். "எல்லாரும் இப்படிப் பிடிங்க பாப்போம்."

இதுவரை வேகமாகச் சுற்றும் ஆட்டத்தை அவர் இந்த வகுப்புக்குச் சொல்லித் தரவில்லை. வேகம் எடுத்தால் சின்னக் கைகள் பிரிந்து பொத்துப்பொத்தென்று விழுவார்கள் என்று பயம். இன்று சொல்லித் தந்தார். பின்னால் சாய்ந்துகொள்ளச் சொன்னார். பக்கத்தில் இருக்கிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள், நம்பிச் சாயுங்கள் என்றார். முதலில் பயந்து பயந்து சாய்ந்தார்கள். பாட்டு ஏற ஏற வட்டமும் விரிந்து வேகம் பிடித்தது. சிஸ்டருக்குத் தலை சுற்றியது, முழங்கால் கெஞ்சியது, ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் வாலு தலையை முழுக்கப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு, வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் விக்கல்காரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்தான். ஆனால் உதறவில்லை. வாலுவும் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஐஸு என்ற பெயர் அதன்பிறகும் அவ்வப்போது காதில் விழுந்தது. இரண்டு பேர் வாலுவுக்குப் பக்கத்தில் நிற்கவே மாட்டோம் என்று கடைசிவரை அடம்பிடித்தார்கள். மாஸ்டர் வற்புறுத்தவில்லை. ரெட்டைப் பின்னல்காரி, தூக்கம் வராத அந்தப் பிள்ளை, சிக் ரூமுக்குத் தானாகவே வர ஆரம்பித்தாள். அவள் வீட்டில் நடக்கிற சண்டைகளை அவளுடைய ஆசிரியையும் சிஸ்டரும் சேர்ந்து கேட்டறிந்தது வேறு கதை. அவள் வாலுவிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று சிஸ்டருக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சிக் ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே நுழைந்தவர் கூரையில் நன்றாக இடித்துக்கொண்டார். தலையைத் தடவியபடி, "வாலுவோட அப்பா" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். தோளில் ஒரு துண்டு. பேசப் பேச அதில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முந்தாநாள் பஸ் டிப்போவுக்கு வந்தா சிஸ்டர். என் சீட்டுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் சொன்னா. முகத்தைப் பாத்தா சொல்ல வராதுன்னு, நான் ஓட்டும்போது முதுகைப் பாத்துச் சொல்லியிருக்கா." துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வீட்ல நான் இதை வெச்சு ஜோக் அடிப்பேன். நம்ம வம்சத்துக்குத் தண்ணிப் பஞ்சமே வராதுடீன்னு. விழுந்து விழுந்து சிரிப்பா. அவளுக்கு வலிக்கும்னு தோணவே இல்ல."

"அவளுக்கு உங்க ஜோக் பிடிச்சுத்தான் சிரிச்சிருப்பா" என்றார் சிஸ்டர். "அவ பயந்தது உங்களுக்கு வலிக்கும்னுதான்."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இதற்குத் தோல் டாக்டர்கள் இருக்கிறார்கள், பூசிக்கொள்ள மருந்து உண்டு, முழுதாக நிற்காவிட்டாலும் குறையும் என்று சிஸ்டர் விளக்கினார். பெரியாஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டருக்கு ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தார்.

"சிஸ்டர்" என்று அவர் தயங்கினார். "நாப்பத்தோரு வயசு ஆளுக்கும் பாப்பாங்களா?"

"பாப்பாங்களே. ஏன் இத்தனை நாள் போகல?"

"இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகலாம்னே தெரியாது" என்றார். "ஒருத்தர் கையைப் பிடிச்சுப் பேசணும்னா இன்னைக்கும் எனக்கு உதறும். அப்படியே ஓட்டிட்டேன்."

சிஸ்டர் இன்னொரு சீட்டை எடுத்தார். மேலே ஹாலில் பாட்டு ஆரம்பித்தது. படிக்கட்டு வழியாக இருபத்தெட்டு ஜோடிக் கால்களின் சத்தம் இறங்கி வந்து மருந்து அலமாரியின் கண்ணாடியை அதிரவைத்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல எது என் பொண்ணு காலுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே" என்றார் சிஸ்டர். "மேல போய்ப் பாருங்க. வாசல்ல நிக்காதீங்க, உள்ளயே போங்க. மாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அவர் சீட்டு இரண்டையும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்.